விளக்கு எரிந்ததா? எரியவில்லையா?

வானத்தில் ஒரு விளக்கு இருக்கிறது. 12 ஆண்டுக்கு இரண்டு முறை அது "பளீர்" என்று எரியும்.

"இன்ன தேதியில் எரியும்" என்று, பஞ்சாங்கத்தில் கிரகணம் குறிப்பது போல, விஞ்ஞானிகள் முன்கூட்டியே தேதி குறித்தார்கள். 2019-ம் ஆண்டில், சொன்ன நேரத்துக்கு நான்கு மணி நேரத்துக்குள் எரிந்தது. உலகம் மூக்கின் மேல் விரலை வைத்தது.

அடுத்த தவணை 2022. அப்போது என்ன நடந்தது?

"எரியவில்லை" என்கிறது ஒரு கட்சி.

"எரிந்தது. நாம்தான் பார்க்கவில்லை" என்கிறது இன்னொரு கட்சி.

எது உண்மை? வழக்கு இன்னும் தீரவில்லை. ஏன் தீரவில்லை? சாட்சி இல்லை! அந்த நேரத்தில் அந்த விளக்கைப் பார்க்கக்கூடிய கண் ஒன்றுகூட உலகத்தில் இல்லை. கோடி கோடியாகச் செலவு செய்து ராக்கெட் விடும் காலத்தில் இது வெட்கப்பட வேண்டிய விஷயம்.

லாரி விளக்கு

அந்த விளக்கின் பெயர் "ஓ.ஜே. 287". அமெரிக்காவில் ஒஹையோ என்று ஒரு மாநிலம் உண்டு. அங்குள்ள பல்கலைக்கழகத்தார் 1960-களில், வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடித்து ஒரு பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியலில் வைத்த பெயர்தான் இது. கடக ராசிப் பக்கம் இருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாது.

அது விளக்கும் அல்ல. நட்சத்திரமும் அல்ல. அது ஒரு நட்சத்திர மண்டலத்தின் நடு வயிறு!

நமது சூரியன் பால்வெளி மண்டலத்தைச் சேர்ந்தது. அதைப் போல எண்ணற்ற மண்டலங்கள் வானத்தில் உள்ளன. பெரிய மண்டலங்களின் நடுவில் ராட்சதக் கருந்துளை ஒன்று குடியிருக்கிறது. "துளை" என்று பெயரே தவிர அது ஓட்டை அல்ல. கோடிக்கணக்கான சூரியன்களின் கனம் சின்ன இடத்தில் அடங்கிக் கிடக்கிறது. அதற்குள் போனால் ஒளிகூடத் திரும்பாது.

பெரும்பாலான கருந்துளைகள் பட்டினி கிடக்கின்றன. நமது பால்வெளியின் நடுவில் இருப்பதும் அப்படித்தான். சில கருந்துளைகளுக்கு மட்டும் ஓயாமல் தீனி கிடைக்கிறது. வாயுவும் தூசும் ஆற்றுச் சுழல் போலச் சுற்றிச் சுற்றி விழுகின்றன. சுற்றும்போது ஒன்றோடொன்று உரசிக் கொதிக்கின்றன. கருந்துளையைச் சுற்றி நெருப்புத் தட்டு ஒன்று உண்டாகிறது.

இதில் ஒரு வேடிக்கை. கருந்துளை, வந்ததை எல்லாம் விழுங்குவதில்லை. ஒரு பங்கு, மேலும் கீழுமாக இரண்டு தாரைகளாகப் பீறிட்டு அடிக்கிறது. ஒளியின் வேகத்தை நெருங்கும் வேகம் அதற்கு.

இரவில் ரோட்டு ஓரம் நிற்கிறீர்கள். தூரத்தில் ஒரு லாரி குறுக்கே போகிறது. அதன் விளக்கு உங்கள் கண்ணை ஒன்றும் செய்யாது. அதே லாரி நேராக உங்களைப் பார்த்து வந்தால்? கண் கூசுகிறது அல்லவா? அது போலத்தான் இதுவும். தாரை பக்கவாட்டில் போனால் மங்கலாகத் தெரியும். பூமியைப் பார்த்து நேராக வந்தால் பல மடங்கு பிரகாசமாகத் தெரியும். அப்படி நம்மைப் பார்த்து நிற்பவற்றுக்குத்தான் "பிளேசர்" என்று பெயர்.

தாரை ஒரே சீராக ஓடுவதில்லை. குழாயில் காற்றும் தண்ணீரும் மாறி மாறி வருவது போல, திட்டுத் திட்டாக வரும். ஒரு திட்டு இன்னொன்றை முட்டும்போது ஒளி கொழுந்து விட்டு எரியும். தாரை கொஞ்சம் வளைந்து நம் பக்கம் திரும்பினாலும் வெளிச்சம் கூடும்.

சில கொழுந்து மாதக் கணக்கில் நிற்கும். சில, அடுப்பில் பால் பொங்கும் நேரத்தில் வந்து போய்விடும். 2006 ஜூலையில் ஒரு பிளேசர் சில நிமிடங்களுக்குள் இரண்டு மடங்கு பிரகாசம் அடைந்ததை, ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டில் உள்ள தொலைநோக்கிகள் பிடித்தன. அன்று இரவு அந்தத் தொலைநோக்கிகள் வேறு பக்கம் திரும்பி இருந்தால்? போனது போனதுதான்.

பிளேசர்கள் எப்போது எரியும் என்று பொதுவாக யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஓ.ஜே. 287-க்கு மட்டும் தேதி குறித்தார்கள் என்றதும் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள்.

வேலைக்காரி பார்த்த கண்ணாடி

தேதி குறிக்க எப்படி முடிந்தது? பழைய போட்டோக்களால்!

1880-களின் கடைசியிலிருந்தே ஓ.ஜே. 287-ன் படம் இருக்கிறது. அதை யாரும் வேண்டும் என்று எடுக்கவில்லை. சூரியனும் சந்திரனும் கிரகங்களும் வானத்தில் ஒரே பாதையில் போகின்றன. கிரகங்களையும் அவற்றின் சின்னஞ்சிறு உறவினர்களையும் தேடி அந்தப் பாதையை அடிக்கடி படம் பிடித்தார்கள். ஓ.ஜே. 287 அந்தப் பாதையின் ஓரத்தில் குடியிருக்கிறது. கல்யாண போட்டோவின் மூலையில் பக்கத்து வீட்டுக்காரர் முகம் விழுவது போல, அதுவும் படத்தில் விழுந்துவிட்டது!

அந்தக் காலத்தில் வானத்தைப் படம் பிடிக்கப் பிலிம் சுருள் பயன்படவில்லை. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசிப் படம் எடுத்தார்கள். அமெரிக்காவில் ஹார்வர்டு வானாராய்ச்சி நிலையத்தில் மட்டும் 5 லட்சத்துக்கு மேற்பட்ட தகடுகள் சேர்ந்தன.

அவற்றை உட்கார்ந்து பார்த்தவர்கள் யார்? பெண்கள்! மணிக்கு 25 சென்ட் கூலிக்கு, பூதக் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, புள்ளி புள்ளியாக எண்ணிக் கணக்கு எழுதினார்கள்.

அவர்களில் வில்லியமினா பிளெமிங் என்ற அம்மாளின் கதை சினிமாவுக்கு ஏற்றது. ஸ்காட்லாந்தில் பிறந்தவர். அமெரிக்காவுக்கு வந்த இடத்தில் கணவன் கைவிட்டுவிட்டான். வயிற்றில் குழந்தை. பிழைப்புக்காக, ஹார்வர்டு நிலையத்தின் தலைவர் பிக்கரிங் வீட்டில் வேலைக்காரியாகச் சேர்ந்தார். அவருடைய புத்திக்கூர்மையைப் பார்த்த பிக்கரிங், 1881-ல் வானாராய்ச்சி நிலையத்தில் வேலை கொடுத்தார். 1899-ல் அந்த அம்மாள், கண்ணாடித் தகடுகள் அனைத்துக்கும் பொறுப்பாளர் ஆனார். ஒளி மாறும் நட்சத்திரங்கள் 300-க்கு மேல் கண்டுபிடித்தார்.

அந்தப் பெண்களுக்குக் கருந்துளை தெரியாது. பிளேசர் தெரியாது. ஆனாலும் தகடுகளை ஒழுங்காக அடுக்கி, எண் போட்டு, பத்திரமாக வைத்தார்கள். 100 ஆண்டுகளுக்குப் பிறகு யாருக்கோ உதவும் என்று நினைத்தா வைத்தார்கள்? வேலை என்றால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று செய்தார்கள்.

செலவு மிச்சம்!

இதற்கு நேர்மாறான கதையும் ஹார்வர்டிலேயே உண்டு.

1950-களில் டொனால்டு மென்சல் என்பவர் அங்கே தலைவரானார். பெரிய விஞ்ஞானி. ஆனால் நிலையத்தில் பணமுடை. "இரவு தோறும் வானத்தைப் படம் பிடித்துக் கொண்டிருப்பது வீண் செலவு" என்று அதை நிறுத்திவிட்டார். பத்து ஆண்டுகளுக்கு மேல் தகடு எடுக்கவில்லை.

மிச்சம் பிடித்த பணம் எங்கே போயிற்று என்று இன்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் அந்த ஓட்டை மட்டும் நிலைத்துவிட்டது. "மென்சல் இடைவெளி" என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அந்த ஆண்டுகளில் எந்த நட்சத்திரம் என்ன செய்தது என்று கேட்டால், ஹார்வர்டு அலமாரியில் பதில் இல்லை. இனி எத்தனை கோடி கொட்டினாலும் அந்த இரவுகளை வாங்க முடியாது.

2016 ஜனவரியில் இன்னொரு சோதனை வந்தது. நிலையத்தின் அருகே தண்ணீர்க் குழாய் வெடித்து, கீழ்த் தளத்தில் வெள்ளம் புகுந்தது. சுமார் 61 ஆயிரம் தகடுகள் நனைந்தன. உலர்த்தவும் துடைக்கவும் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. நல்லவேளையாக, தகடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை நடந்து வந்தது. 4 லட்சத்துக்கு மேற்பட்ட தகடுகளை ஏற்றி, 2024-ல் முடித்தார்கள். இப்போது வீட்டில் இருந்தபடியே யாரும் பார்க்கலாம்.

பின்லாந்தில் ஒரு கணக்கு

ஐரோப்பாவின் வடகோடியில் பின்லாந்து என்று ஒரு குளிர் நாடு இருக்கிறது. அங்கே ஐமோ சில்லன்பா என்ற ஆராய்ச்சியாளர், ஓ.ஜே. 287-ன் பழைய படக் கணக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தார். சுமார் 12 ஆண்டுக்கு ஒரு முறை அது கொழுந்து விட்டது தெரிந்தது.

அவரும், மவுரி வால்டோனனும், மற்றும் சிலரும் 1988-ல் துணிந்து ஒரு கருத்தை வெளியிட்டார்கள். "அங்கே இருப்பது ஒரு கருந்துளை அல்ல. இரண்டு! பெரியதைச் சின்னது சுற்றுகிறது. 1994-ல் மறுபடி எரியும்" என்றார்கள்.

1994 நவம்பரில் எரிந்தது!

அதன் பிறகு கணக்கு மேலும் நுட்பமானது. வால்டோனன் கட்சியின் கணக்குப்படி, பெரிய கருந்துளை 1,800 கோடி சூரியன்களின் கனம். சின்னதே 15 கோடி சூரியன்! சின்னது சுற்றி வரும்போது, பெரியதின் நெருப்புத் தட்டை ஒரு சுற்றுக்கு இரண்டு முறை துளைத்துக்கொண்டு போகிறது. பழுக்கக் காய்ச்சிய எண்ணெயில் கல்லைப் போட்டது போல, துளைக்கும் இடத்தில் கொதிக்கும் வாயு வெடித்துக் கிளம்புகிறது. லட்சம் கோடி சூரியன்களுக்கு மேற்பட்ட வெளிச்சம்!

இந்தச் சுற்றுப் பாதை ஒரே இடத்தில் நிற்காது. ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 39 டிகிரி திரும்பிவிடும். ஐன்ஸ்டீனின் தத்துவம் சொல்வது இது. ஆகவே வெடிப்பு சரியாக 12 ஆண்டில் வராது. முன்பின்னாக வரும். அந்த முன்பின்னைக் கணக்குப் போட்டுத்தான் தேதி குறித்தார்கள். 2007-ல் பலித்தது. 2015-ல் பலித்தது.

பிறகு வந்தது பெரிய பந்தயம். 2019 ஜூலை 31!

சூரியனுக்குப் பின்னால்

அந்தத் தேதியைக் கணக்கிட்டவர்களில் மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லங்கேஸ்வர் டே என்ற இளைஞரும், அவருடைய ஆசிரியர் கோபகுமாரும் முக்கியமானவர்கள். வானத்தின் கோடியில் நடப்பதற்கு மும்பையில் இருந்து நாள் குறித்தார்கள்.

ஆனால் ஒரு சங்கடம். ஓ.ஜே. 287 கிரகங்களின் பாதையோரம் இருக்கிறது என்று பார்த்தோம் அல்லவா? சூரியனும் அதே பாதையில்தான் போகிறது. ஆண்டுதோறும் ஜூலை முதல் செப்டம்பர் தொடக்கம் வரை, பூமியில் இருந்து பார்த்தால், அது சூரியனின் பிரகாசத்தில் மறைந்துவிடும். எந்த இடத்தில் இருந்ததால் பழைய படங்கள் கிடைத்தனவோ, அதே இடத்தில் இருப்பதால் வந்த வினை!

அப்போது கை கொடுத்தது "ஸ்பிட்சர்". அமெரிக்கா 2003-ல் அனுப்பிய விண்வெளித் தொலைநோக்கி. அது பூமியைச் சுற்றவில்லை. சூரியனைச் சுற்றியது. வருஷா வருஷம் பின்தங்கிப் பின்தங்கி, 2019-ல் பூமிக்கு 25 கோடி கிலோமீட்டர் தள்ளி நின்றது. அங்கிருந்து பார்த்தால் ஓ.ஜே. 287-ஐச் சூரியன் மறைக்கவில்லை!

ஜூலை 31-ந் தேதி ஸ்பிட்சர் கண்ணைத் திறந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஸ்பிட்சருக்கு வயதாகிவிட்டது. தூரம் கூடக்கூட அதை இயக்குவதும் கடினமாயிற்று. 2020 ஜனவரி 30-ல் அதை நிறுத்திவிட்டார்கள். அதே இடத்துக்கு வேறு கண் அனுப்பவில்லை.

காணாமல் போன வெளிச்சம்

2022 அக்டோபரில் அடுத்த வெடிப்பு என்று கணக்கு. ஜெர்மனியில் பான் நகரில் ஸ்டெபானி கொமோசா என்ற பெண் விஞ்ஞானி ஒரு குழுவை வைத்துக்கொண்டு, பல ஆண்டுகளாக ஓ.ஜே. 287-ஐ விடாமல் கவனித்து வந்தார். ஸ்விப்ட் என்ற விண்வெளித் தொலைநோக்கி ஒரு பக்கம். 100 மீட்டர் அகலமுள்ள ரேடியோ தொலைநோக்கி இன்னொரு பக்கம்.

அக்டோபர் வந்தது. போயிற்று. பெரிய வெளிச்சம் எதுவும் வரவில்லை.

"1,800 கோடி சூரியன் என்பது தப்புக் கணக்கு. பெரிய கருந்துளை வெறும் 10 கோடி சூரியன் கனம்தான்" என்று 2023-ல் அவர் அறிவித்தார். தட்டைத் துளைக்க வேண்டிய அவசியமே இல்லை, தாரையில் நடக்கும் கூத்தே இந்தக் கொழுந்துக்குக் காரணம் என்பது அவர் கட்சி.

வால்டோனன் கட்சி சும்மா இருக்குமா? "கணக்கைத் திருத்திப் பார்த்தோம். வெடிப்பு அக்டோபரில் அல்ல. ஜூலை-ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. அப்போது சூரியன் மறைத்திருந்தது" என்றார்கள். 2025-ல் இன்னொரு சான்றும் காட்டினார்கள். விண்வெளி ரேடியோ தொலைநோக்கியின் உதவியோடு முன்பு எடுத்த படம் ஒன்றில் தெரியும் ஒரு புள்ளி, சின்னக் கருந்துளையின் தாரை என்கிறார்கள். எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை.

வெளிச்சம் வராத பிறகு தேதியை மாற்றுவது சாக்குப் போக்காகத் தோன்றலாம். ஜோசியர்கள் இப்படித்தானே செய்கிறார்கள்! ஆனால் ஒரு வித்தியாசம். ஜோசியர், "நல்ல காலம் பிறக்கும்" என்பார். எந்த மாதம் என்று சொல்லமாட்டார். இவர்கள் தேதி சொன்னார்கள். மணிக் கணக்குச் சொன்னார்கள். தப்பானால் ஊரே சிரிக்கும் என்று தெரிந்து சொன்னார்கள். ஒரு முறை தவறியதற்காக அவர்களைக் கேலி செய்வது நியாயம் அல்ல. கொமோசா அம்மையாரையும் குறை சொல்ல முடியாது. அவர் கண்ணால் பார்த்ததைச் சொன்னார்.

குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. 2019-ல் ஸ்பிட்சர் இருந்தது, சந்தேகம் தீர்ந்தது. 2022 ஆகஸ்டில் ஸ்பிட்சர் போல ஒரு சின்னக் கண் இருந்திருந்தால், இந்த வழக்கு ஒரே வாரத்தில் முடிந்திருக்கும். அந்த வெளிச்சம் 350 கோடி ஆண்டு பயணம் செய்து வருகிறது. அது புறப்பட்டபோது பூமியில் மனிதன் இல்லை, மரம் இல்லை, மீன் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மட்டும்தான். அவ்வளவு தூரம் நடந்து வந்த விருந்தாளி கதவைத் தட்டும்போது, வீட்டில் ஆள் இல்லை!

சோற்றுக்கு ஆகுமா?

"எங்கோ எரியும் விளக்கைப் பார்த்து நமக்கு என்ன? அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

செல்போனில் வழி காட்டுகிறதே, அதற்கு ஐன்ஸ்டீனின் தத்துவம் வேண்டும். மேலே சுற்றும் சாட்டிலைட் கடிகாரங்களை அந்தத் தத்துவப்படி திருத்தாவிட்டால், வழி தப்பும். அந்தத் தத்துவம் எந்த எல்லை வரை செல்லும் என்று சோதித்துப் பார்க்க, பூமியில் இடம் போதாது. ஓ.ஜே. 287 போன்ற இடம்தான் வேண்டும்.

தவிர, கேட்பது புதிய மாளிகை அல்ல. பெரும் பணம் போவது புதிது கட்டுவதில். கட்டியதை ஓட்டுவதற்கு ஆகும் செலவு அதில் ஒரு சிறு பங்கு. ஆனால் திறப்பு விழாவுக்குப் பணம் கொடுப்பவர்கள், தினசரிக் காவலுக்குக் கொடுக்க யோசிக்கிறார்கள். தினமும் ஒரே விளக்கைப் பார்ப்பதில் மாலை மரியாதை கிடையாது, பத்திரிகையில் படமும் வராது. இந்தக் காவலில், சொந்தக் காசில் தொலைநோக்கி வாங்கி வீட்டு மாடியில் வைத்திருக்கும் சாதாரண மனிதர்களும் பங்கு கொள்கிறார்கள் என்பது பெரிய தொலைநோக்கிக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

கொமோசா குழுவுக்கு உதவிய ஸ்விப்ட் 2004-ல் மேலே போனது. இரண்டு ஆண்டு வேலை செய்தால் போதும் என்று அனுப்பினார்கள். 20 ஆண்டு தாண்டியும் உழைத்தது. ஆனால் காற்றின் உரசலால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கத் தொடங்கியது. விட்டுவிட்டால் எரிந்து விழும். "கிழடு தட்டிவிட்டது, போகட்டும்" என்று அமெரிக்கா கைகழுவவில்லை. இன்னொரு விண்கலத்தை அனுப்பி, அதைப் பிடித்து மேலே தூக்கி விடுவதற்காக, 2025 செப்டம்பரில் ஒரு கம்பெனியுடன் 3 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது.